அலுவிகாரையில் ஒரு மாலைப்பொழுது

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணப் பெருஞ்சாலை வழியே வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் சென்றால், ஓங்கிய கற்பாறைகளின் இடையே ஒதுங்கி நிற்கும் அலுவிகாரையை அடையலாம். சென்ற விடுமுறையில் தமக்கையின் மகனோடு அங்கே சென்றிருந்தேன். அவன் கையில் தானே செய்த சிறு விமானம் ஒன்று இருந்தது. ரெஜிபோம் அட்டையை வெட்டி ஒட்டி, மின்மோட்டாரும் மின்கலமும் பொருத்தியிருந்தான். கையிலுள்ள கருவி அனுப்பும் வானொலி அலைகளுக்குப் பணிந்து அது பறக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறகுகள் அமைந்தமையால் மெதுவாகவும் பறக்கவல்லது. சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பார், 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பறந்ததும் இத்தகைய இருசிறகு விமானத்திலேதான்.

"விகாரை வாசலில் பறக்க விடுவோமா, மாமா?" என்றான். வழிபடும் இடத்தில் அது தகாது என்று கூறி, சற்றுத் தொலைவில் அறுவடை முடிந்த வயலொன்றிற்கு, உரியவரின் இசைவு பெற்று அழைத்துச் சென்றேன். வீட்டருகே செவ்வனே பறந்த விமானம், இங்கே எறிந்தவுடன் மூக்கை நிமிர்த்தி, வேகமிழந்து, தலைகுப்புற வீழ்ந்தது. மேற்சிறகு முறிந்தது. பல நாள் உழைப்பல்லவா? பையனின் கண்கள் கலங்கின.

அவனைத் தேற்றி விகாரைக்கு அழைத்துச் சென்றேன். தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறி, கரிமை பூசித் துடைக்கும் முறையை அங்கே காட்டினர். பல தலைமுறைகளாக நெஞ்சிலே காக்கப்பட்ட திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் ஏறியது இங்கேதான் என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் குறைந்தால் ஓதியதும் மறையுமே என்ற அச்சமே துறவிகளை எழுதத் தூண்டிற்று.

பையன் சிந்தனையில் ஆழ்ந்தான். வயலுக்குத் திரும்பியதும் முறிந்த சிறகை ஒட்டினான். பின்னர் சிறகினடியில் இரு விரல்களை வைத்து விமானத்தைத் தாங்கிப் பார்த்தான், வால் தாழ்ந்தது. பயணத்துக்காகக் கழற்றிய மின்கலத்தை, நினைவை நம்பிப் பின்தள்ளிப் பொருத்தியிருந்தான்! அதனை முன்னே நகர்த்தி மீண்டும் எறிந்தான். மாலை வெயிலில் விமானம் வயலை மும்முறை வலம்வந்து வைக்கோல்மீது மெல்ல இறங்கியது.

ஓடிச்சென்று எடுத்தவன், மின்கலம் இருக்கவேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு கோடிட்டான்.

"எழுதி வைத்தால் மறக்காதல்லவா, மாமா?" என்றான்.