உயர்தரம் முடிச்சிட்டு பால் கான் கழுவின காலம்

நல்லூர்த் திருவிழா என்றால் எங்கட வயசுக்காரருக்கு முதல் ஞாபகம் வருவது ஐஸ்கிறீம்தான். கொடியேறினால் 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் போகாது. கும்பிட்டு முடிய மணல் ஒட்டின காலோட கிறீம் ஹவுசுக்குள்ள இடம் பிடிச்சு, ஜெலியும் வேபரும் குத்தின 'ஸ்பெஷல்' ஒன்றுக்குச் சொல்லிப்போட்டுக் காத்திருப்பம். அந்தக் கப்புக்குப் பின்னால நடக்கிற வேலையைப் பற்றிப் பெரிசாய் ஆரும் எழுதி நாங்கள் வாசிச்சதில்லை. அதனால் நாங்களே எழுதுகிறோம்.

உயர்தரச் சோதனைக்கும் கம்பஸ் கிடைக்கிறதுக்கும் இடையில ஒரு நீண்ட காலம் சும்மா கிடக்கும். அந்தக் காலத்தில எங்கட குழுவில மூன்று பேர் நல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பால் பதனிடும் இடத்தில வேலைக்குப் போனோம். யோகட்டும் ஐஸ்கிறீமும் செய்கிற இடம். பெயர் வேண்டாம். வேலைக்குப் பெரிய தகுதி ஒன்றும் கேட்கவில்லை. "விடிய அஞ்சரைக்கு வருவியளோ?" என்று மட்டும்தான் கேட்டார்கள்.

முதல் மாதம் முழுக்கக் கழுவல்தான். கான், வாளி, குழாய், நிலம். கழுவுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எடுத்த உடனே கொதிதண்ணி ஊத்தினால் பாலிலுள்ள புரதம் வெந்து உலோகத்தில ஒட்டிப்போகும். ஆகவே முதலில் சாதாரண தண்ணி, பிறகு கோஸ்டிக் சோடாக் கரைசல், திரும்பத் தண்ணி, கடைசியாகத்தான் சுடுதண்ணி. சில நாள்களில் இடையில அமிலமும் வரும். பால் கல் என்று ஒரு வெள்ளைப் படிவு இருக்கிறது, அது காரத்துக்கு அசையாது, அமிலத்துக்குத்தான் கரையும். இரசாயனவியல் வகுப்பில பாடமாக்கிய அமிலமும் காரமும் கம்பூட்ஸுக்குள்ள ஒழுகின பிறகுதான் எங்களுக்கு உண்மையாய் விளங்கிச்சு.

பிறகு உள்ளே விட்டார்கள். பாச்சராக்கம் என்றால் 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 செக்கன் என்று புத்தகத்தில ஒரு வரி. உள்ளே அது 30 நிமிடமும் தேமோமீற்றரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிற வேலை. யோகட்டுக்குப் பாலை 90 பாகை வரை சூடாக்கி, 43 பாகை அளவுக்கு இறக்கி உறை போட வேண்டும். அதிகம் சூடென்றால் உறையிலுள்ள பக்ரீரியா செத்துப்போகும், குறைவென்றால் உறையாது. ஐஸ்கிறீமில எங்களை ஆச்சரியப்படுத்தினது காற்று. கலவையை உறைய வைக்கும்போதே மெசின் அதற்குள் காற்றையும் அடிக்கிறது. ஒரு லீற்றர் கலவை இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் வரைக்கும் போகும். காற்றே இல்லாவிட்டால் அது கரண்டி இறங்காத பால் கட்டி.

கரண்ட் போனால்தான் சீவன் போகும். உருகின ஐஸ்கிறீமைத் திரும்ப உறைய வைத்தால் பனிப் பளிங்குகள் பெருத்து, நாக்கில மணல் மாதிரி நெருடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைச் சொல்லி, பழைய ஆக்கள் இன்னும் ஜெனரேற்றரை ஒரு பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கினம். 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாமல் இருந்த ஊர் இது என்று நினைக்க, ஒரு கப் ஐஸ்கிறீம் சின்ன விசயமாகத் தெரியவில்லை.

ஆனால் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது பால் எடுக்கிற இடத்தைப் பற்றி.

விடிய ஆறு மணிக்குச் சைக்கிளில் பால் வரும். நாலு லீற்றர், ஆறு லீற்றர். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிற வீடுகள். ஒவ்வொரு கானிலும் லக்ரோமீற்றரை விட்டுப் பார்ப்பார்கள். நல்ல பசுப்பாலில் அது 28க்கு மேல நிற்க வேண்டும். தண்ணி கலந்தால் பாலின் அடர்த்தி குறைந்து லக்ரோமீற்றர் தாழும், வாசிப்பு இறங்கும். வாசிப்பு இறங்கினால் விலையும் இறங்கும்.

ஒரு நாள் ஒரு அம்மாவின் பால் 26 காட்டிச்சு.

"தண்ணி பட்டிருக்குப் போல, அம்மா" என்றார் பால் எடுக்கிற அண்ணை.

"ஒரு சொட்டு இல்லைத் தம்பி. இப்பதான் கறந்து, கறந்த கையோட கொண்டந்தனான்."

எங்களில் ஒருத்தி கானைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. "அண்ணை, இது எத்தனை பாகைக்குச் செய்த லக்ரோமீற்றர்?" என்று கேட்டாள். தண்டில் 20 என்று எழுதியிருந்தது. உள்ளேயிருந்து தேமோமீற்றரைக் கொண்டுவந்து வைத்தால் பால் 34 பாகை.

உயர்தரம் செய்த ஆருக்கும் மிச்சம் தெரியும். சூடான திரவம் விரியும், அடர்த்தி குறையும். ஒரு பாகை கூடினால் வாசிப்பு ஏறத்தாழ 0.2 குறையும், அதைத் திருப்பிக் கூட்ட வேண்டும். 14 பாகைக்கு 2.8. அப்படியென்றால் அம்மாவின் பால் 28.8. கறந்த உடனே பாலில் நுரையும் காற்றும் இருக்கும், அதுவும் வாசிப்பைக் கீழே இழுக்கும். கானைத் தண்ணித் தொட்டிக்குள்ள வைத்து, அரை மணித்தியாலம் கழிச்சுப் பார்த்தோம். 29.

அண்ணை கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து தேமோமீற்றர் வெளி மேசைக்கு வந்தது. உண்மையாய்த் தண்ணி விட்டவையும் அதோட பிடிபட்டினம், அது வேற கதை. ஆனால் அந்த அம்மா அதற்கு முதல் எத்தனை நாள் குறைஞ்ச விலை வாங்கினவ என்று ஆரும் கணக்குப் பார்க்கவில்லை. அருகில் இருந்து, சூடு ஆற முதல் கொண்டு வருகிறவைக்குத்தான் இந்த அடி விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து ஆறின பாலோட வந்தவை தப்பியிருக்கினம்.

இந்தப் பிரச்சினை புதிதில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்கொக் என்ற வேதியியலாளர் 1890இல் பாலிலுள்ள கொழுப்பை அளக்க இலகுவான ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். கந்தக அமிலம் விட்டுப் புரதத்தைக் கரைத்து, சுழற்றி, மேலே வருகிற கொழுப்பைக் கண்ணாடிக் கழுத்தில் வாசிப்பது. அதுவரை பாலுக்கு நிறைப்படிதான் காசு. தண்ணி விட்டவனுக்கும் நல்ல பால் கொடுத்தவனுக்கும் ஒரே விலை. பாப்கொக் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எங்கட இடத்தில் கிழமைக்கு ஒருக்கால் செய்த கேர்பர் சோதனையும் அதே வழிதான். குஜராத்தின் ஆனந்தில் வளர்ந்த கூட்டுறவுகளின் பலமும் இதுதான்: பாலை அந்த ஊரிலேயே, கொடுத்தவரின் கண் முன்னால் அளந்து காசு கொடுப்பது.

அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சொந்தப் பாற்சாலையே இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1892இலிருந்து ஐஸ்கிறீம் செய்யக் கற்பிக்கிறது. பென் அன்ட் ஜெரிஸைத் தொடங்கின இரண்டு பேரும் அங்கே ஐந்து டொலருக்கு அஞ்சல்வழிப் பாடம் எடுத்தவர்கள்தான். அங்கே மாணவர்கள் பாற்சாலையில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே படிக்கினம். இங்கே எங்கட வீட்டாக்கள் "படிச்ச பிள்ளை கான் கழுவுதாம்" என்று சொந்தக்காரர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்காய்த் தெருவில் இருந்ததை நாங்கள் சின்ன வயசில் பார்த்தனாங்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் கவுண்மேந்து உத்தியோகம், இல்லையென்றால் வெளிநாடு என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலைகளுக்கு நாங்கள் ஒரு மரியாதையும் மிச்சம் வைக்கவில்லை. வீட்டு மாட்டுப் பாலைக் கொடுத்துப்போட்டு அங்கர் பக்கற்றுக்கு வரிசையில் நின்ற ஊரில், பாலை ஒழுங்காய் அளக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் தேவையில்லாத ஆளா?

சம்பளம் குறைவு, முதுகு நோ, திருவிழா நாள்களில் வீட்டுக்குப் போக இரவு பதினொன்று. இதையெல்லாம் இனிப்புப் பூசிச் சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படி ஒரு இடத்துக்கு நீங்கள் போறதென்றால் கையுறையும் கம்பூட்ஸும் முதல் நாளே கேளுங்கோ. அமிலம் இருக்கிற இடம் அது. மேலதிக நேரத்துக்கு எவ்வளவு என்று திருவிழாவுக்கு முதலே பேசுங்கோ.

உங்கட வீட்டில, அயலில ஆராவது பால் கொடுக்கினம் என்றால் அவைக்கு இதைச் சொல்லுங்கோ: கறந்த கானை அரை மணித்தியாலம் கிணற்றுத் தண்ணியில் வைத்து ஆறவிட்டுக் கொண்டு போகச் சொல்லுங்கோ. அளக்கிற இடத்தில் "தேமோமீற்றர் வைச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்கச் சொல்லுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை. அது அவையின்ர காசு.