ஆலா, கடற்காகம், அப்புறம் ஒரு மண்கட்டி

கடற்பறவை படம் எடுக்கணும்னு ஆசை வந்ததே ஒரு டாக்குமெண்டரி பார்த்துத்தான். ஸ்காட்லாந்தில் பாஸ் ராக் என்று ஒரு பாறைத்தீவு. செங்குத்துப் பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். நமக்கு அந்த மாதிரிப் பாறைக்கு எங்கே போவது? விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் இருப்பதெல்லாம் மணலும் சேறும்தான்.

இருப்பதைப் பார்ப்போம் என்று ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு நானும் நண்பனும் பைக்கில் கண்டமங்கலத்தில் இருந்து கிளம்பினோம். கேமரா மாமா பையனுடையது. (கீறல் விழுந்தால் நீதான் பொறுப்பு என்று ஏழு தடவை சொல்லித்தான் கொடுத்தான்.) பாண்டிச்சேரி தாண்டி ஈ.சி.ஆர். பிடித்து மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு. குளிர் வேறு.

மரக்காணம் என்றால் நமக்கு உப்புதான். பக்கத்திலேயே கழுவெளி இருப்பது பலருக்குத் தெரியாது. சுமார் 5,151 ஹெக்டேர் சதுப்பு நிலம். மழைநீரும் கடல்நீரும் அங்கே கலக்கின்றன. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

வெளிச்சம் வந்ததும் உப்பளத்து ஓரமாக நடந்தோம். தேங்கிய தண்ணீரில் நூறு பறவைக்குக் குறையாது. ஆலாக்கள் தலைகீழாக விழுந்து மீன் பிடித்தன. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றன. பெயர்தான் பழுப்புத்தலை, குளிர்காலத்தில் தலை வெள்ளையாகி, காதருகே ஒரு கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும். லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிற பறவை. அந்தத் தூரத்தை நினைத்தால் நம்ம பைக் சவாரி எல்லாம் சும்மா.

எனக்கோ பறக்கிற படம் வேணும். அதுங்க பறப்பதாக இல்லை. "எதையாவது எறிடா"ன்னு சொன்னது நான்தான். அவன் ஒரு மண்கட்டியை எடுத்து வீசினான். மொத்தக் கூட்டமும் எழும்பியது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வரப்பு சரி செய்து கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இன்னா தம்பி, துன்ன வந்ததுங்கள வெரட்றீங்க?" அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டார்.

பதில் சொல்ல வரவில்லை. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்கத்தான் அதுங்க இங்கே மேய்கின்றன, வீணாக ஒரு தடவை எழுப்பினாலும் அதற்கு நஷ்டம். இதெல்லாம் கிளம்பும் முன்னாடியே படித்திருந்தேன். பி.காம். படிக்கிறவனுக்கு வரவு செலவு கூடவா தெரியாது?

முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தோம். ஆலாக்கள் சில திரும்பின. கடற்காகங்கள் வரவே இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு படம் ஷார்ப். பொன் வெளிச்சம், விரிந்த சிறகுகள், நடுவானத்தில் அந்த மண்கட்டி. அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்றான் நண்பன். நான் அப்படியே வைத்திருக்கிறேன். இன்னும் யாருக்கும் காட்டவில்லை.