அண்டை வீட்டு மொழி

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் மாளிகைகளைச் சுற்றிப் பார்ப்பதைவிட, அங்குள்ள ஏழை எளிய மக்கள் ஏறிச் செல்லும் வண்டியில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பது நலம். இவ்வுண்மையை நான் தென்னாப்பிரிக்காவில் கற்றுக்கொண்டேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது அந்நாட்டிற்குச் சென்றிருந்தேன். கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் முன்பு அறிமுகமாகியிருந்த பெரியவர் ஒருவர், டர்பன் நகரிலிருந்து பலமுறை அழைத்திருந்தார். அங்குச் செல்லும் வழியில் ஜொகனஸ்பர்க்கில் இரண்டு நாள் தங்கினேன். அந்நகரில் 'டாக்சி' என்று அழைக்கப்படுவது பதினைந்து பேர் நெருங்கி அமரும் சிற்றுந்து. அதற்குப் பயணச்சீட்டு இல்லை. சாலையோரத்தில் நின்று சுட்டுவிரலை மேல்நோக்கி உயர்த்தினால், நகரின் நடுவிடத்திற்குச் செல்ல வேண்டும் என்பது பொருள். பின்வரிசையில் இருப்பவர் கொடுக்கும் பணம் கைமாறிக் கைமாறி முன்வரிசையை அடைகிறது. முன்னிருக்கையில் அமர்ந்த பயணியே கணக்குப் பார்த்து மீதியைத் திருப்பி அனுப்புகிறார்.

அறியாமல் நான் முன்னிருக்கையில் அமர்ந்துவிட்டேன். நாணயங்கள் என் மடியில் குவிந்தன. பின்னாலிருந்து யார் யாரோ ஏதேதோ கூறினர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுக் காலம் மாணவர்க்குக் கணிதம் கற்பித்த நான் திகைத்து நிற்பதைக் கண்ட ஒரு மூதாட்டி, சிரித்தவாறே பணத்தைத் தம் கைக்கு வாங்கிக் கணக்கை முடித்தார். வீடுதோறும் உயர்ந்த மதிலும் மின்வேலியும் கொண்ட அந்த நகரில், முன்பின் அறியாதவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்காக அமைதியாகக் காத்திருக்கும் மக்களையும் கண்டேன். அச்சமும் நம்பிக்கையும் ஒரே தெருவில் குடியிருக்கும் நாடு அது.

மறுநாள் சொவேட்டோவுக்குச் சென்றேன். ஆசிரியராகிய எவரும் அவ்வூரில் தலை நிமிர்ந்து நடக்க இயலாது. 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பாடங்களில் பாதியை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவர்கள் மீது காவலர்கள் சுட்டனர். உயிர்நீத்த ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது பன்னிரண்டு. ஒரு மொழியை வலிந்து திணித்தால் என்ன நேரும் என்பதற்கு அந்த நினைவிடம் சான்றாக நிற்கிறது. ஆனால், ஒரு மொழியைக் கற்க மறந்தால் என்ன நேரும் என்பதை நான் டர்பனில்தான் அறியவிருந்தேன்.

டர்பனுக்குத் தெற்கேயுள்ள சாட்ஸ்வொர்த்தில், பெரியவரின் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். அப்போது வயது எழுபத்தாறு. இன்னின்ன இனத்தார் இன்னின்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என வரையறுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. பெரியவரின் குடும்பமும் கேட்டோ மேனர் பகுதியில் வைத்திருந்த காய்கறித் தோட்டத்தை இழந்து அங்கு வந்து சேர்ந்ததே.

அவ்வாண்டு நாடெங்கும் மின்வெட்டு கடுமையாக இருந்தது. எந்தப் பகுதியில் எந்நேரத்தில் விளக்கணையும் என்பதைக் கைப்பேசியில் பார்த்து, அதற்கேற்பச் சமைத்தனர், துணி துவைத்தனர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். முதல் நாள் மாலை மின்சாரம் நின்றதும், மேசைமேல் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் உரையாடத் தொடங்கினோம்.

உரையாடல் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவர் என்னைத் 'தம்பி' என்றழைத்தார். இரசம், வடை, தாத்தா, ஆயா என உணவுக்கும் உறவுக்கும் உரிய சொற்களே அவரிடம் எஞ்சியிருந்த தமிழ். ஆண்டுதோறும் தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார். ஆனால் ஒரு தமிழ் வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல அவரால் இயலவில்லை.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் என்ற பெருமிதம் எனக்குள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நீங்கள். கோவிலைக் காத்தீர்கள், கூழ் ஊற்றுவதைக் காத்தீர்கள். மொழியை மட்டும் எப்படி ஐயா கைவிட்டீர்கள்?" என்று வினவினேன். வினவும்போதே அது குற்றச்சாட்டுப் போல் ஒலித்ததை உணர்ந்தேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. "என் தாயார் பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆனால் அவருக்கு இரண்டு மொழிகள் தெரியும், தமிழும் சூலுவும். நான் பட்டம் பெற்றவன். பள்ளியில் எனக்கு ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்சும் கற்பித்தார்கள். தாயாரின் இரண்டு மொழிகளையும் நான் இழந்துவிட்டேன், தம்பி. நீங்கள் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். என்னை உறங்கவிடாதது மற்றொன்று" என்றார். பிறகு நெடுநேரம் பேசினார்.

1949ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், டர்பன் சந்தைப் பகுதியில் இந்தியக் கடைக்காரர் ஒருவருக்கும் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் இடையே எழுந்த பூசல், நகரெங்கும் பெருங்கலவரமாக மூண்டது. அதற்குப் பின்புலம் இருந்தது. நிலமும் உரிமையும் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், தங்கள் தலைக்கு மேலே அமர்ந்திருந்த வெள்ளை அரசை நெருங்க முடியாத நிலையில், அருகிலிருந்த இந்தியக் கடையையும் இந்தியப் பேருந்தையும் தங்கள் துயரின் உருவமாகக் கண்டனர். அக்கலவரத்தில் 142 பேர் மாண்டனர். அவர்களில் ஆப்பிரிக்கர்களே மிகுதி.

அவ்விரவில் பெரியவர் இரண்டு வயதுக் குழந்தை. தோட்டத்தின் பின்புறம் குடியிருந்த சூலு இனப் பெண்மணி, தாயையும் குழந்தையையும் தம் குடிசைக்குள் அழைத்துச் சென்று வாயிலில் நின்றுகொண்டார். கூட்டம் வந்து கேட்டபோது, உள்ளே இருப்பவர்கள் தம் பிள்ளைகள் என்றார். "அந்தப் பெண்மணியும் என் தாயாரும் நாள்தோறும் கீரைக் கட்டுக்கு விலை பேசிச் சண்டையிட்டவர்கள். சண்டையிடவும் ஒரு மொழி வேண்டும் அல்லவா? அந்தச் சண்டைதான் எங்களைக் காப்பாற்றியது" என்றார் பெரியவர். அப்பெண்மணியின் பெயரை அவருடைய தாயார் இறக்கும்வரை விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லி வந்தாராம்.

சற்று நேரம் கழித்து 2021ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஜூலை மாதம், நீதிமன்ற அவமதிப்புக்காக முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை வைக்கப்பட்டதைத் தொடர்ந்து, குவாசூலு-நட்டாலிலும் கௌட்டெங்கிலும் கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன. நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டர்பனுக்கு வடக்கேயுள்ள, இந்தியர்கள் மிகுந்து வாழும் பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். காவல்துறை வரவில்லை. மக்கள் தாங்களே தெருமுனைகளில் தடுப்பமைத்துக் காவல் இருந்தனர். அச்சம் நியாயமானது; ஆனால் அச்சம் யாரைக் கண்டாலும் பகைவனாகக் காட்டிற்று.

பெரியவரின் தெருவிலும் தடுப்பு இருந்தது. அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். பொழுது சாயும் நேரம். ஓர் ஆப்பிரிக்க இளைஞர் தோளில் பையுடன் நடந்து வந்தார். சிற்றுந்துகள் ஓடாத நாள்கள் அவை. தடுப்பில் நின்றவர்கள் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினர். ஒரு சீருடையும் பாதி ரொட்டியும் விழுந்தன. அவர் ஏதோ சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். எவருக்கும் விளங்கவில்லை.

"எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், தம்பி. நான் முதியவன் என்பதால் என்னிடம் முறையிட்டார் போலும். 'பாபா' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. தந்தையே என்று பொருள். நான் வாய் திறக்கவில்லை. எந்த மொழியில் திறப்பது? அவரைத் தள்ளித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுற்றுவழியில் போக வேண்டுமானால் இருட்டில் பல கல் தொலைவு நடக்க வேண்டும். வீடு போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் தாயார் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கேட்டிருப்பார்."

அதன்பின் இருவரும் பேசவில்லை. மின்சாரம் வந்தபோது, அந்த வெளிச்சம் எங்கள் இருவருக்குமே வேண்டாததாய் இருந்தது.

மறுநாட்காலை வாயிலில் பேச்சொலி கேட்டு எட்டிப் பார்த்தேன். பெரியவரின் பேத்தி, பள்ளிச் சீருடையில் நின்று, தெருவைத் துப்புரவு செய்யும் பெண்மணியிடம் "சாவுபோனா" என்று கூறிக்கொண்டிருந்தாள். சூலு மொழியில் அது வணக்கம். 'உம்மைக் காண்கிறோம்' என்பது அதன் நேர்ப்பொருள் என்று அவளே எனக்கு விளக்கினாள். பள்ளியில் சூலு கற்கிறாள். சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்புக்கும் போகிறாள். 'அ' முதல் 'ஔ' வரை எனக்கு எழுதிக் காட்டினாள். நான் 'ஔ'வைத் திருத்தினேன். அவள் என் 'சாவுபோனா'வைத் திருத்தினாள்.

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதை நம் மேடைகளில் பெருமையுடன் எடுத்துக் கூறுகிறோம், கூறத் தக்கதே. ஆனால் அந்நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தாய்மொழி சூலு என்பதை நாம் கூறுவதில்லை. ஒரு சட்டம் மொழிக்கு இடம் தரலாம். அம்மொழியில் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் பேச வைக்க அதனால் இயலாது. அது வீட்டிலும் வகுப்பறையிலும் நடக்க வேண்டிய பணி.

அந்நாடு அதன்பின் பல மாற்றங்களைக் கண்டுவிட்டது. பீனிக்ஸ் நிகழ்வுகளைக் குறித்து மனித உரிமை ஆணையம் 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில், 1994 முதல் ஆண்டுவந்த கட்சி முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்து, மாற்றுக் கட்சிகளுடன் சேர்ந்து ஆட்சி அமைத்தது. நேற்றுவரை ஒருவரையொருவர் ஏசியவர்கள் ஒரே மேசையில் அமர வேண்டியதாயிற்று. மின்வெட்டும் அவ்வாண்டு பெரிதும் குறைந்தது. பெரியவர் தொலைபேசியில் இவற்றையெல்லாம் கூறுவார். இறுதியில், பேத்தியின் பாடநூலை வைத்துக்கொண்டு சூலுவில் தாம் கற்ற புதுச்சொல் ஒன்றைத் தயக்கத்துடன் சொல்வார். எழுபது வயதைக் கடந்தபின் அகரம் தொடங்கும் அந்த மாணவரைப் பாராட்ட எனக்குத் துணிவு வருவதில்லை.

ஏனெனில், ஊர் திரும்பிய அன்று மாலை என் வீட்டு வாயிலில் நின்றபோதுதான் ஒன்றை உணர்ந்தேன். அடுத்த வீட்டுச் சீனப் பெரியவர் வழக்கம்போல் தம் பூச்செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளாக மலாயில் இரண்டொரு சொற்களும் தலையசைப்புமே எங்கள் உறவு. அவர் வீட்டில் பேசுவது ஹொக்கியனா, கன்டனீசா என்பதுகூட எனக்குத் தெரியாது. தமிழ் மாணவர்க்குத் தாய்மொழிப் பற்றை ஊட்டியவன் என்று சொல்லிக்கொள்ளும் நான், அடுத்த வீட்டாரின் தாய்மொழிக்கும் அத்தகைய பற்றுக்குரியவர் உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆசிரிய நண்பர்களே, தமிழைக் காப்போம். அதில் இரண்டாம் கருத்து இல்லை. தாய்மொழி நாம் யார் என்பதை நமக்குச் சொல்கிறது. அண்டை வீட்டு மொழியோ, நம் வாயிலில் நிற்பவர் யார் என்பதைச் சொல்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் நம்மை நோக்கித் தந்தையே என்று அழைக்கக்கூடும். அன்று நாம் நாற்காலியில் வாய் மூடி அமர்ந்திருக்கலாகாது.

அன்று மாலை நான் வேலியருகே சென்று, அடுத்த வீட்டுப் பெரியவரின் பெயரைக் கேட்டேன். அவர் நீர்க்குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஒருமுறைக்கு இருமுறை சொல்லச் செய்து கற்றுக்கொண்டேன்.