வெல்டிங் மேல் பட்டி

சதுரங்கப்பட்டினத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. எங்கள் மாலைநேரப் படிப்பக வேனின் கதவுக்கு அடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஒரு பட்டறையில் விட்டேன். துருவை அறுத்தெடுத்து, புதுத் தகரம் வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினேன், பட்டி அப்பளம் மாதிரி உடைந்து கையோடு வந்தது.

கேட்கப் போனால் உரிமையாளர், "காலனிப் பையன் வேலைங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது. (2025-ல் தமிழக அரசு 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. பட்டறைக்குச் சேதி வரவில்லை.)

தோழர்களே, எனக்கு உடனே கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. 'பையன் கொஞ்சம் கவனமாகச் செய்திருக்கலாமே' என்றுதான் தோன்றியது. சாதியும் தொழிலும் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவள் நான். 1936-ல் அம்பேத்கர் எழுதி, லாகூரில் பேச விடப்படாத அந்த உரையைப் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டியவள். அந்தப் பையனோ எனக்குச் சின்னம்மா மகன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, தண்ணி மேலேர்ந்து வரல. பின்னாலேர்ந்து வந்திருக்கு."

வெல்டிங் வைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். உட்பக்கம் தேங்கும் ஈரம் அதன் வழியே வெளியே வரும். சாதாரணப் பட்டியில் பாலியெஸ்டர் பிசினோடு டால்க் மாவு கலந்திருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு கிளம்பி, பட்டியையே தூக்கிவிடும். அதனால் வெல்டிங் மேல் முதலில் கண்ணாடி இழை கலந்த பேஸ்ட். அது தண்ணீர் இழுக்காது. அதற்குமேல்தான் சாதாரணப் பட்டி, அதுவும் மெல்லிசாக. தகரத்தின் பின்பக்கம் பிரைமரும் சீலரும் அடிக்காவிட்டால் முன்பக்கம் எதைப் போட்டாலும் வீண்.

வெல்டிங்கையும் ஒரே இழுப்பாக வைக்கக் கூடாதாம். தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சூட்டில் நெளியும். நெளிந்த பள்ளத்தை மூடப் பட்டியை அப்ப வேண்டிவரும். பொட்டுப் பொட்டாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கவும் சொன்னான். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் நிற்காது.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன்டா?"

"இழை பேஸ்ட் கேட்டேன்க்கா. விலை ஜாஸ்தி. 'இருக்கிற டப்பாவ போடு, உன் வேலை தேய்க்கிறது'ன்னாரு."

எட்டு வருடமாக அந்தப் பட்டறையில் உப்புத்தாள் பிடிப்பது அவன்தான். மூக்கில் கட்ட ஒரு துண்டு, அதையும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். ஸ்ப்ரே கன் பிடிப்பது உரிமையாளரின் மைத்துனர். அவர் கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் ஆய்வேட்டில் இதற்கு ஒரு தலைப்பு இருந்தது. ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்க்காமலே எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துத் திரும்பச் செய்தான். பொருள் செலவு என்னுடையது. கூலியை மறுத்தான், சண்டை போட்டுத்தான் கொடுத்தேன். அடுத்த மழையும் வந்து போய்விட்டது, கொப்பளம் இல்லை.

இப்போது அவன் சொந்தமாகப் பட்டறை வைக்க அலைகிறோம். 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும், கடன் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. தகுதியுள்ளவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். எங்களுக்குத் தாள் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. மூன்று பேர் வாடகை பேசி, அட்வான்ஸ் தொகை வரை வந்து, எந்தத் தெரு என்று கேட்டதும் 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்று போய்விட்டார்கள். திரமென்ஹீர் 1891-ல் நம் நிலமின்மையைப் பற்றி அறிக்கை எழுதியது இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்துதான்.

கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்குள், சாலையோரம் இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஜெய்பீம்.