அம்மாவின் நடை

என் தாயார் இரவில் அயர்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை. அடுப்பங்கரையை மெழுகிவிட்டு வந்து படுப்பாள். அரை மணிக்கெல்லாம் எழுந்து கூடத்துக்கும் முற்றத்துக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவாள். "காலுக்குள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சலடி, நடந்தால்தான் அடங்குகிறது" என்பாள்.

"ஐந்து பெற்றவளுக்கு அப்படி என்ன கவலை?" என்று பாட்டி முணுமுணுப்பாள். அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். நானோ அந்த நடையில் ஒரு மகா துக்கத்தைக் கற்பித்து, என் முதல் நாவலில் எழுதியும்விட்டேன். படித்தவர்கள் அழுதார்கள்.

சென்ற வருஷம் அதே குடைச்சல் எனக்கு வந்தது. டாக்டரம்மாள் என் கவலைகளை விசாரிக்கவில்லை. இரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாமாம். மாதப்போக்கும் பிள்ளைப்பேறும் அதை வற்றச் செய்பவை. பாட்டி சொன்ன அந்த ஐந்து, காரணமாகவே இருந்திருக்கலாம்! ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஸ்வீடன் தேசத்து வைத்தியர் எக்போம் 1945-லேயே இதற்கு 'அமைதியற்ற கால்கள்' என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் இரும்புக் குறைவே காரணமென்று சொல்வதற்கில்லை, எனக்கு அதுதான். சாயங்காலக் காப்பியையும் விடச் சொன்னார். மாத்திரையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதத்தில் தூக்கம் வந்துவிட்டது.

அம்மா காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அந்த நாவல் இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. துக்கத்தை எடுத்துவிட்டு, அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.