பிந்தி வந்த விலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாட்டுப்புற நீர்வர்ண ஓவியமொன்று ஏலத்துக்கு வரும்போதெல்லாம், இங்கிலாந்தின் நோர்விச் நகர ஓவியர் ஜோன் செல் கொட்மன் என் நினைவுக்கு வருவார். அவர் 1805 அளவில் தீட்டிய ‘கிரேட்டா பாலம்’ இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆறு, பாறை, மரச்செறிவு யாவும் அதில் தெளிந்த வர்ணப்பரப்புகளாகி அமைதி கொண்டுள்ளன. வரைந்தவர் வாழ்வில் அந்த அமைதி இருக்கவில்லை. சித்திரம் கற்பித்தே குடும்பத்தைக் காத்தார். 1842 இல் மறைந்தார். மறு ஆண்டு இலண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அவருடைய படைப்புகள் அற்ப விலைக்கே போயின.

பின்னாளில் கடுகு வணிகக் குடும்பத்தவரான ரசல் ஜேம்ஸ் கோல்மன் அவற்றுள் பலவற்றைச் சேகரித்து, நோர்விச் கோட்டை அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். ஏலத்தில் எவ்வளவு உயர்ந்த விலை கூறப்பட்டாலும் மறைந்துவிட்ட கலைஞனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. வாங்குபவர் அதனை ஊரார் காண வைப்பாராயின், அந்தக் கடனில் ஒரு பகுதியாவது தீரும்.