மாங்காயில் இருக்கிற 'கா'

காலை எட்டேகாலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் அக்கா கரண்டியோடு நகர்ந்து வர, ஒரு பையன் தட்டின் மேல் கையை மறித்து "சாலு" என்றான். அடுத்தவன் "ஸாக்கு". அதற்கடுத்த பெண் "போதும்க்கா". நாலாவதாக இருந்த சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்காவுக்கு நாலு பேர் சொன்னதும் புரிந்தது. கரண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகும் சாலையில் உள்ளே பிரியும் ஒரு கிராமத்துப் பாதை. அதன் முடிவில் இருக்கிறது இந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பிள்ளைகளைப் பற்றி எழுதுவதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த மூலைக்குக் கர்நாடக எல்லை கிட்டத்தில்தான். மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில் ஆந்திரம். ராகி, தக்காளி, முட்டைக்கோஸ் விளையும் நிலம். நடுநடுவே வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா பாலிஹவுஸ்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, ஒரே டீச்சர். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். "ஜூன்ல அரும்புல உக்காந்திருந்தவங்களை எண்ணிப் பாத்தேன் சார். முக்கால்வாசிப் பேர் வீட்ல தமிழ் பேசாத பிள்ளைங்க. இவங்களுக்கு எழுத்து வரலையா, இல்ல நான் பேசறது புரியலையான்னு அப்பதான் யோசிச்சேன்" என்றார் டீச்சர்.

அன்று பாடம் 'க' வரிசை. சுவரில் பட்டம் விடும் பையனின் படம். "பட்டம் எதனால பறக்குது?" முதல் வரிசையில் இருந்த நீலச் சட்டைக்காரன் வாய் திறந்து பட்டென்று மூடிக்கொண்டான். "உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லு சாமி." அவன் சொன்னது தெலுங்குச் சொல், காற்று என்று பொருள். டீச்சர் கீழ்மட்டக் கரும்பலகையில் 'காலி' என்று எழுதினார். மொட்டு நிலையிலிருந்த ரெட்டைச் சடைக்காரி உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மிஸ், காலின்னா ஒண்ணுமே இல்லாதது!"

அந்தச் சொல்லை இங்கே அப்படியே எழுதிக்காட்ட எனக்கும் வழியில்லை. தெலுங்கில் 'க'வுக்கு நான்கு எழுத்து; வேறு வேறு ஒலி, வேறு வேறு வடிவம். தமிழில் ஒரே எழுத்து, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது உறுத்துவதில்லை, எந்த இடத்தில் எந்த ஒலி என்று நாக்குக்கே தெரியும். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கோ 'காலி'யின் முதல் ஒலியும் அவன் சொன்ன சொல்லின் முதல் ஒலியும் இரண்டு தனித்தனி ஒலிகள். இரண்டுக்கும் ஒரே எழுத்து என்றால் அதற்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? கவனமில்லை, மந்தம் என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் இந்தக் குழப்பத்தை ஏற்றியிருக்கிறோம்!

டீச்சர் அழிக்கவில்லை. எல்லோரையும் தொண்டையில் விரல் வைக்கச் சொன்னார். முதலில் 'காலி' என்று தமிழில் சொன்னார்கள், பிறகு நீலச் சட்டைக்காரன் சொன்ன மாதிரி. இரண்டாவதில் தொண்டை முன்கூட்டியே அதிர்கிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், "உள்ள வண்டு இருக்கு மிஸ்!" அந்த வண்டுச் சத்தம் தமிழ்ச் சொல்லில் எங்கேயாவது இருக்கிறதா, தேடுங்கள் என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன: சங்கு, தங்கம், நுங்கு. பின்னாலிருந்து ஒரு குரல், "மாங்காய்!" டீச்சர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "மா-ங்-காய். பாத்தீங்களா, அந்தக் 'கா'தான் இவன் சொன்னது. ங் பக்கத்துல வந்தா நம்ம க-வும் வண்டு மாதிரி பேசும்."

நீலச் சட்டைக்காரன் எழுந்து போனான். சாக்பீஸை வாங்கி, 'காலி'க்குக் கீழே தன் கையால் எழுதினான்: 'ங்காலி'.

ஆறு வயதுப் பிள்ளை தமிழ் எழுத்தின் ஒலி விதி ஒன்றைத் தானே புரிந்துகொண்டு, தன் அம்மாவின் சொல்லை எழுத அதைக் கருவியாக வளைத்துக்கொண்டதை நேரில் பார்த்தேன். இலக்கணப்படி தமிழ்ச் சொல் ங்-இல் தொடங்காது. டீச்சர் அதைச் சொல்லவில்லை, சிவப்பு மையைத் தொடவும் இல்லை. பக்கத்தில் 'காற்று' என்று மட்டும் எழுதினார். "நாம இதைக் காற்றுன்னு சொல்றோம். இதுக்கும் கா, அதுக்கும் கா." அன்று அந்தப் பையன் 'காற்று' என்ற சொல்லை ஏழெட்டு முறை எழுதினான். யாரும் எழுதச் சொல்லவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் இந்த மாவட்டத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைதான். இரண்டாம் வகுப்பில் மழைப் படத்தைக் காட்டி ஆசிரியர் இது என்ன என்று கேட்டபோது "வான" என்றேன். எங்கள் வீட்டில் மழைக்கு அதுதான் சொல். "வானத்தைக் கேட்டேனாடா?" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. மழை என்ற சொல்லை அன்றே கற்றுக்கொண்டேன், உண்மைதான். அந்த ஆண்டு முழுக்கக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

சுவரின் மறுபக்கத்தில் பழுப்புத் தாளில் பிள்ளைகளே நிரப்பிய அட்டவணை ஒன்று தொங்குகிறது. பால், பாலு, ஹாலு. பூ, புவ்வு, ஹூவு. புலி, புலி, ஹுலி. தமிழில் 'ப' வரும் இடத்தில் பல சமயம் கன்னடத்தில் 'ஹ' வருகிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே பார்த்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதோடு விடவில்லை. "அப்ப பள்ளின்னா ஹள்ளியா மிஸ்?" என்று கேட்டானாம். கன்னட வீட்டுப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், ஹள்ளி என்றால் ஊராயிற்றே என்று. மறுநாள் அவனே வந்து சொல்லியிருக்கிறான்: ஓசூர் பக்கம் பஸ் போர்டில் மத்தகொண்டபள்ளி, பெங்களூரில் மாமா வீட்டுப் பக்கம் பொம்மனஹள்ளி. இரண்டும் ஊர்தானே, இரண்டும் ஒரே சொல்தானே! பள்ளி என்றால் சிற்றூர் என்று பழந்தமிழிலும் பொருள் உண்டு என்பது டீச்சருக்கே அகராதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். மொழி ஆய்வாளர்கள் எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் சொற்களை வரிசைபோட்டுக் காட்டிய மொழியுறவு இது. எட்டு வயதில் பஸ் போர்டில் அதைக் கண்டெடுத்த பிள்ளைக்கு அதன் பிறகு தமிழும் அன்னியமில்லை, கன்னடமும் அன்னியமில்லை.

பக்கத்து அறையில் நாலும் ஐந்தும். தலைமை ஆசிரியர்தான் எடுக்கிறார். ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்க போச்சு? உங்களுக்குள்ள பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். குழுக்களில் தெலுங்கும் கன்னடமும் கலந்து பெரிய இரைச்சல். அவர் அதை அடக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு குழுவும் தமிழில் மூன்று வரி எழுத வேண்டும். கன்னட வீட்டுப் பெண் ஒருத்தி இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வரும் 'ஆவி'யைச் சொன்னாள். தெலுங்குப் பையன் 'ஆவிரி' என்றான். பாடப்புத்தகத்தின் 'ஆவியாதல்' அங்கேயே வந்து உட்கார்ந்தது. கலைச்சொல்லின் பாதி வீட்டு அடுக்களையிலிருந்தே வந்துவிட்டது.

ஒரு மொழியில் படித்தோ பேசியோ மறு மொழியில் எழுதவைக்கும் இந்த முறைக்கு வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் தம் மொழியில் ஒரு பெயரே சூட்டினார். இன்று உலகமெங்கும் ஆசிரியப் பயிற்சிகளில் அதைச் சொல்லித்தருகிறார்கள். தலைமை ஆசிரியர் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. "யோசிக்கறதை யோசிக்கிற பாஷையில செய்யட்டும். எழுதறப்ப தமிழ்ல எழுதட்டும். ரெண்டையும் ஒண்ணா கேட்டா ரெண்டும் வராது சார்" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு கவலையும் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளும் தமிழில் சரளமாகப் பேசிவிடுகிறார்கள். இனி உதவி தேவையில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்கிறதே தவிரப் பிள்ளைக்குப் பொருள் பிடிபடவில்லை. கனடாவில் குடியேறிய பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1981இல் எழுதியதும் இதைத்தான். விளையாட்டு மைதானத்துப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது. பாடத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கிறது. இரண்டாம் ஆண்டோடு கையை விட்டுவிட்டு ஆறாம் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று குறைசொல்வது நியாயமா?

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதி தர வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 2006இன் தமிழ் கற்றல் சட்டமோ பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இந்த மண்ணில் வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. எத்தனை மொழி கற்பிப்பது என்று 1968இல் இருமொழிக் கொள்கை வருவதற்கு முன்பிருந்தே வாதாடி வருகிறோம். பிள்ளை எத்தனை மொழியோடு வாசலுக்கு வருகிறது என்பதைக் கேட்க நமக்கு ஏனோ தோன்றவில்லை.

பெற்றோருக்கும் தயக்கம் உண்டு. பத்து மணிக்குச் சின்னவனை விட வந்த ஒரு அம்மாவிடம் தெலுங்கிலேயே பேச்சுக் கொடுத்தேன். நம்ம பாஷைதான் வீட்டிலேயே இருக்கே, அதைப் பள்ளிக்கூடத்தில் எதற்குப் பேசவைக்கிறார்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேலை எந்த மொழியில் கிடைக்கிறதோ அந்த மொழியைத்தான் எந்தத் தாயும் கேட்பாள். "உன் பையன் போன வருஷம் வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவான்?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லமாட்டான் என்றார். இந்த வருஷம்? சற்று யோசித்தார். "ராத்திரியெல்லாம் கேள்வி கேட்டுத் தூங்கவிட மாட்டேங்கறான்."

மதிய உணவுக்குப் பிறகு, காலையில் தட்டை இழுத்துக்கொண்ட அந்தச் சிறுமியைப் பற்றி டீச்சர் சொன்னார். ஜூனில் சேர்ந்தவள். பாலிஹவுஸில் வேலை பார்க்கும் குடும்பம். இரண்டு மாதம் ஒரு சொல் பேசவில்லை. இந்திக்காரப் பொண்ணு என்று எல்லோரும் நினைத்து, இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்துப் பார்த்தார்கள். அவரையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஆகஸ்டில் ஒரு நாள் குழாயடியில் நின்று "பாணி" என்றாள். "இந்தியில தண்ணிக்குப் பானிதான் சார், எனக்குத் தெரியும். ஆனா இவ ரெண்டு சுழி ன-வை மூணு சுழியால்ல சொன்னா! நாக்கு மேல போய்த் தொட்டுச்சு, நான் பாத்தேன்." ன, ண வேறுபாட்டை முப்பது பிள்ளைகளின் வாயில் நாள்தோறும் திருத்துகிற காது அது, ஏமாறவில்லை. ஒரு வாரம் கழித்துப் பழத்தைக் காட்டி என்ன என்று கேட்டார். அவள் சொன்ன சொல்லின் முடிவில் நம்முடைய 'ள'வே வந்தது. அன்று மாலை அப்பாவை வரவழைத்துக் கேட்டார்கள். ஒடிசா என்றார். வீட்டில் பேசுவது ஒடியா.

அவளை அழைத்து என் பக்கத்தில் உட்காரவைத்தார் டீச்சர். வகுப்பில் பாதிப் பேர் தடுமாறும் 'பள்ளம்', 'வெள்ளம்', 'கண்ணாடி' மூன்றையும் மின்னட்டை பார்த்துத் துல்லியமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எப்படி இவ்வளவு சரியா வருது?" என்று டீச்சர் கேட்க, கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். பழுப்புத் தாளில் தண்ணீர் வரிசையில் தண்ணி, நீள்ளு, நீரு என்ற மூன்றுக்கும் அடுத்து, கோணல்மாணலாக, 'பாணி' என்று அவள் எழுதியிருக்கிறாள். நாலாவது கட்டம் தாளில் கிடையாது. ஓரத்தில் வேறொரு துண்டுத் தாளை ஒட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும் நேரத்தில் தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். தாய்மொழி என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகத் 'தமிழ்' என்றே இருந்தது. சேர்க்க வந்தவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே மட்டும் 'இந்தி'. விரலை அங்கே வைத்தபடி அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'ஒடியா' என்று எழுதித் தேதியோடு சுருக்கொப்பம் இட்டார். பக்கத்தைத் திருப்பாமல் டீச்சரைப் பார்த்து, "மத்தவங்களையும் சொல்லுங்கம்மா, ஒண்ணொண்ணா" என்றார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் பெயரிலிருந்து தொடங்கினார்.